அம்புக்குறி

தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை,
நீளத்துக்கும் இறங்கும் ஊசிக்கோடு.
பனியனில் எங்கே தப்போ அங்கே
சிவப்பாய் ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
திருப்பூர், ராயபுரம், செக்கிங் செக்சன்.
பதினாறு வருசம்.
பரிமளா பார்த்த பீஸ் திரும்பி வராது என்று
பையர் முன்னால் சொன்னார் மேனேஜர்.

இப்போதெல்லாம்
பார்த்த பீஸுக்கு நான் திரும்பிப் போகிறேன்.
கழுத்துப்பட்டி சரி. சரிதானா? சரி.
மடித்ததை விரித்து, விரித்ததை மடித்து,
பதினோராவது தடவை
டார்கெட் போர்டில் என் பேருக்கு நேரே
சாக்பீஸ் எண் பாதியாகிவிட்டது.

காலையில் கம்பெனி வேன் ஆரன் அடிக்கும்.
நான் சிலிண்டர் முன்னால் நிற்பேன்.
மூடியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.
தெரிந்தது உள்ளே போய்ச் சேர்வதில்லை.

கோயமுத்தூரில் ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார்கள்.
டாக்டர் ஜெசிந்தா ஒரு தாளில்
எங்கள் வீட்டு ஆட்களை வரைந்தார்.
ஆண் சதுரம், பெண் வட்டம்,
செத்தவர் மேல் சாய்வாய் ஒரு கோடு.

அப்பா:
மோட்டார் சுவிட்சை அணைத்தோமா என்று பார்க்க
காங்கயத்திலிருந்து இரண்டு முறை திரும்பிப் போய்
முகூர்த்தத்தைத் தவற விட்டவர்.
என் முகூர்த்தம் அது.
சதுரத்தைக் கருப்பாக்கினார்.

அத்தை தெய்வாத்தாள்:
விளக்கின போசியையே விளக்கி
விரலிடுக்கு வெந்து கிடந்தவள்.
சுத்தக்காரி என்று ஊரே மெச்சியது,
அவள் கையை யாரும் பிடித்துப் பார்த்ததில்லை.
வட்டம். கருப்பு.

சித்தப்பா அங்கமுத்து சந்தையில்
எண்ணின ஆட்டையே எண்ணிக்கொண்டிருப்பார்.
"அது யாவாரமுங்க, சீக்கில்லீங்க" என்றேன்.
டாக்டர் சிரித்துவிட்டுப் பாதி மட்டும் தீட்டினார்.

கடைசியாய் என் வட்டம்.
அதன் ஓரத்தில் சின்னதாய் ஓர் அம்பு.

எனக்குத் தொண்டை அடைத்தது.
"இது எதுக்குங்க?"
"இந்தக் குடும்பத்துக்குள்ள யார் வழியா வந்தோமோ
அவங்களுக்குப் போடற அடையாளமுங்க."
"தப்புக்கு இல்லீங்களா?"
"தப்பா? இல்லைங்க."

எனக்குத் தெரிந்த பாசையில் கேட்டேன்:
நிட்டிங் மெசினில் ஒரு ஊசி வளைந்தால்
துணி முழுக்கக் கோடு ஓடும்.
எங்கள் ரத்தத்தில் எந்த ஊசிங்க?
யோசித்துத்தான் சொன்னார்.
ஒரே ஊசி இல்லையாம்.
நூற்றுக்கணக்கில் இருக்கலாமாம்,
ஒவ்வொன்றும் மயிரளவு வளைந்து.
அதோடு பட்ட கஷ்டம், வந்த காய்ச்சல்,
இன்னும் கண்டுபிடிக்காத ஏதேதோ.
நெற்றிக்குப் பின்னாலிருந்து மூளையின் ஆழத்துக்கு
ஒரு சுற்றுப்பாதை போகிறதாம்.
'முடிஞ்சுது' என்ற சேதி டவுன் பஸ் மாதிரி
அதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது,
இறங்க மாட்டேன் என்கிறது.
"இப்போதைக்கு அப்படி நினைக்கறோமுங்க."

அந்த 'இப்போதைக்கு' எனக்குப் பிடித்திருந்தது.

ஒப்புதல் தாளை ஒன்பது முறை படித்தேன்.
எனக்கென்று தனியாய் முடிவு வராது என்றிருந்தது.
ஒன்பது முறையும் அப்படியே இருந்தது.
கையெழுத்தைச் சரிபார்க்கத் திரும்பக் கேட்டேன்.
கொடுத்தார். அவசரப்படுத்தவில்லை.

"பொண்ணு எப்படிங்க?"
என் வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம்,
உள்ளே வெள்ளை.
"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன்.
வேகமாய்ச் சொன்னேன்.

ராத்திரி தர்சனா என் முதுகிலிருந்து
எதையோ உரித்தெடுத்தாள்.
சிவப்பு அம்பு. நேற்றைக்கு ஒட்டியதாக இருக்கும்,
கோயமுத்தூர் வரை போய் வந்திருக்கிறது.
"இங்க என்னம்மா தப்பு?" என்று
அதைத் தன் கணக்கு நோட்டில் ஒட்டினாள்.
நேராய் இல்லை என்று உரித்தாள்.
ஒட்டினாள்.
உரித்தாள்.
பசை தீரும் வரைக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த நம்பர்
டிபன் பையில் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது.
மறுபடி பார்க்கவில்லை.
போனை எடுத்தேன்.