நாலாம் நம்பர் சவுக்கு

அப்புத்தளை கிளப்பில்
கண்ணாடிப் பெட்டிக்குள் ஹார்கோட் துரையின் கைத்துப்பாக்கி.
அட்டையில் ‘பர்மா, 1944’.
வெள்ளிதோறும் துடைப்பவன் நான்.

அங்கே சுட்டதோ என்னவோ,
நாலாம் நம்பர் மலையில் ஒருதரம் சுட்டது.
சண்டை முடிந்து துரை திரும்பிய வருஷம்
அரிசியில் கை வைத்தார்கள்.
கொழுந்துக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள் இருளாயி.
அவள் கொண்டைக்கு ஒரு சாண் மேலே
சவுக்குமரத்தில் இறங்கியது குண்டு.
அப்போதும் அவள் எழும்பவில்லை.
வீம்பு என்றார்கள் சிலர்;
கால் வரவில்லை என்றாளாம் அவள்.

பட்டை மூடி மரம் வளர்ந்தது.
போன மாசம் அறுக்கும்போது
நடுவில் கிறீச்சிட்டு வாளின் பல் போனது.
சின்னக்காளைக்கு அன்றைக்கு அரைப்பேர்தான்.

நசுங்கிய குண்டை என்னிடம் தந்தான்.
பெட்டிச் சாவி செக்ரட்டரியிடம்.
வெள்ளிக்கிழமை துடைக்கையில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்,
என் சட்டைப்பையில் கிடக்கிறது அது.