ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்

விளம்பரத்தில் போட்டிருந்த ஐந்து நிமிடம்
யாருடைய கடிகாரத்தில் என்று
நாங்கள் கேட்கவில்லை.
வேனில் ஏசி ஓடியது.
ரயில்வே கேட் அன்று திறந்திருந்தது.
தலைக்கொரு பிரியாணிப் பொட்டலம்.
புரோக்கர் எத்திராஜ்
கல் நட்ட வெறும் மண்ணைக் காட்டி
இது ஹால், இது கிச்சன் என்றபோது
கருணாகரன் செருப்பைக் கழற்றி விட்டு
உள்ளே போனார்.

அதற்கு முன் அயனாவரம், ஒன்றரை அறை.
பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வருவார்,
கையில் கிண்ணம் நிறையப் பாயசம்.
பாயசம் வந்தால் வாடகை ஏறும்.
இன்றைக்கும் எங்காவது சேமியா வறுபட்டால்
எனக்கு நெஞ்சு படபடக்கும்.

பதினேழு வருடம் இவரை
'எங்க வீட்டுக்காரர்' என்று
வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன்.
பத்திரம் பதிந்த அன்றுதான்
அது பொய்யில்லாத சொல்லானது.

வேப்பம்பட்டு, மனை எண் நாற்பத்தேழு,
தன்யா கார்டன், ஃபேஸ் டூ.
தன்யா முதலாளியின் மகளாம்.
கார்டன் எதுவென்று இன்னும் தெரியவில்லை.
ஃபேஸ் ஒன் எங்கே என்று கேட்டால்
ஏரிப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

இருநூற்று நாற்பது தவணை.
முப்பத்தொன்று கட்டியாயிற்று.
கணக்குப்படி பாத்ரூமும் வாசற்படியும் எங்களுடையவை.
மிச்சம் இருக்கிற வங்கியின் ஹாலில்
பாய் விரித்துத் தூங்குகிறோம்.

ஐந்து ஐம்பது ரயில்.
கேட் மூடியிருந்தால் குனிந்து ஓட வேண்டும்,
சாப்பாட்டுப் பை முன்னால், நான் பின்னால்.
பெண்கள் பெட்டியில்
திருநின்றவூரில் ஏறும் ஷகிலா
பட்டாபிராம் வருவதற்குள் கால் கிலோ பீன்ஸ் நறுக்கிவிடுவாள்.
இந்து காலேஜ் வரை ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னுவார்கள்.
ஆவடிக்கு மேல் யாருக்கும் கை அசையாது.
வில்லிவாக்கம் தாண்டும்போது
நான் அயனாவரம் பக்கம் பார்ப்பதில்லை.
புரசைவாக்கம் கண்ணாடிக் கடையில்
நாளெல்லாம் என் கேள்வி ஒன்றே ஒன்று:
தூரத்தில் இருப்பது தெரிகிறதா, சார்?

ஐப்பசியில் நான்கு நாள்
ஃபேஸ் ஒன் எங்கள் தெருவுக்கு வந்து தங்கிவிட்டுப் போனது.
மோட்டார் பெட்டிக்குள் ஒரு விரால் கிடந்தது.
பையன் அதற்கு ராக்கெட் என்று பேர் வைத்தான்.
மறுநாள் குழம்பு.
அவன் ரசத்தோடு எழுந்துவிட்டான்.

அறுபத்திரண்டு மனை, ஒன்பது வீடு.
இருபது வீடு வரட்டும், தெருவிளக்கு போடலாம் என்றார்
பஞ்சாயத்து ஆபீஸில் ஒருவர், தலை நிமிராமல்.
அதுவரைக்கும் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு
கேட் தாண்டியதும் நான் செல்போனை ஆட்டுவேன்.
எதிரே இருட்டில் இன்னொரு வெளிச்சம் ஆடும்.
நாய்கள் இரண்டையும் பார்த்துக் குரைக்கும்.
ஒரு நாள் அந்தப் பக்கம் ஆடியது
வேறு யாருக்காகவோ நின்ற வேறு யாரோ.
அவரோடும் கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே வந்தேன்.

போன ஞாயிறு அதே வேன் வந்து நின்றது.
கர்சீப்பால் முகத்தை விசிறிக்கொண்டு
ஒரு பெண் என் கேட் அருகே வந்தாள்.
மெதுவாகக் கேட்டாள்:
"அக்கா, ஸ்டேஷன் நிஜமாவே அஞ்சு நிமிஷமா?"
எத்திராஜ் பொட்டலங்களோடு நின்றார்,
என்னைப் பார்க்காமல்
என் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

இருபத்திரண்டு நிமிடம்.
மழையில் முப்பத்தைந்து.
போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது.
எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.
பிறகு எண்ணிப் பார்த்தேன்: இவர்கள் வந்தால் பத்து.

"வேகமா நடந்தா," என்றேன்.

அவள் புருஷன் நாற்பத்தெட்டாம் மனையின்
கல்லோரம் போய் நின்றான்.
லேஸ் கட்டிய ஷூ.
இது ஹால், இது கிச்சன்.
கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்தான்.
பிறகு குனிந்தான்.