ஒளிராத பொட்டு

ஓரிஸ்தானோ மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
ஏப்ரல் வந்தால் எனக்கு வேலை கூடும்.
வடிதாளில் சொட்டுச் சொட்டாய் இரத்தம்.
விளக்கணைத்துப் புறஊதா ஒளியில் பார்க்கவேண்டும்.
நொதி இருந்தால் பொட்டு நீலமாய் மின்னும்.
இல்லையென்றால், இல்லை.

இன்று பன்னிரண்டு பொட்டுகள்.
ஏழாவது, பாக்கீசியோ கர்ராவின் மகனுடையது.
ஆறு வயது. முந்தாநாள் கொல்லையில் நின்றபடியே
பச்சை ஃபாவா மொச்சையை உரித்து உரித்துத் தின்றிருக்கிறான்.
விடிகாலைச் சிறுநீர் கட்டங்காப்பி நிறம்.
கண்கள் மஞ்சள்.

சிவப்பணு, எல்லாம் விற்றுத் தீர்ந்த வீடு.
உட்கருவைக் கொடுத்தாயிற்று,
உலைகளை வெளியே வீசியாயிற்று,
உயிர்வளிச் சரக்கை அடுக்க இடம் வேண்டுமே.
சரக்கோ, தொட்டதைத் துருவாக்கும் சரக்கு.
உள்ளே தூங்காமல் இருப்பது அந்த நொதி மட்டும்.
வருகிற குளுக்கோஸில் ஒரு சிட்டிகையைத்
தனிப்பாதையில் திருப்பி
அதன் ஹைட்ரஜனைக் கழற்றிக்
கைமாற்றாய்க் கொடுக்கும்.
அன்றாடத் துரு கழுவப்படுவது அந்தக் கைமாற்றில்.
நான் இருட்டில் பார்க்கும் நீலமும் அதுதான்.
மற்ற செல்களுக்கு வேறு கடன்காரர்கள் உண்டு.
அங்கே மரபிழை நெய்யச் சர்க்கரை அளப்பதும்
இதே நொதிதான்.
இங்கே வேறு ஆள் கிடையாது.

பையனுடையது பிறவியிலேயே மெலிந்த நொதி.
சாதாரண நாளைத் தள்ளிவிடும்.
மொச்சை வந்த நாளில் முடியவில்லை.

அம்மாவின் இரத்தத்தையும் கேட்டு வாங்கினேன்.
சாம்பல் மூடிய தணலாய் அரைகுறையாய் மின்னியது.
"நானா கொடுத்தேன்?" என்றாள்.
அவள் பெயர் ரிமேதியா. அதற்கு மருந்து என்று பொருள்.
ஊசித்தடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேல் நெடுநேரம்.

பிறகு சொல்லிப் பார்த்தேன்:
இங்கே சதுப்பு இருந்த நாளில்
கொசுக்காய்ச்சல் இப்படிப்பட்ட இரத்தத்தில்
கால் ஊன்றத் திணறியது,
அதனால்தான் இது நம்மிடம் தங்கியது என்று.
"சதுப்பில் இப்போது நெல் போடுகிறார்கள்" என்றாள்.
ஆமாம்.

இரவு பத்துக்கு யாரோ ஒருவரின் இரத்தம் ஏற்றினார்கள்.
ஏற்றுமுன் அதிலும் ஒரு சொட்டு எடுத்து
விளக்கணைத்தேன். யாரும் கேட்கவில்லை.
மின்னியது.

நடுநிசியில் பாக்கீசியோ வந்தார்,
டிராக்டர் சேறு காயாத பூட்ஸுடன்.
"உழுதுவிட்டேன்" என்றார்,
"நுனியில் இன்னும் பூத்திருந்தது."
அவன் தின்னாமல் இருந்தாலே போதும் என்று
சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால்.
நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.
பூட்ஸ் ஓரத்தில் ஒட்டியிருந்தது
வெள்ளை இதழ் ஒன்று,
அதில் ஒரு கறுப்புப் பொட்டு.