மூன்றாவது குழாய்

கடலே இல்லாத நாட்டில்
ப்ர்னோ நகரத்தின் ஆறாம் மாடியில்
முந்நூறு லிட்டர் கடல் வைத்திருக்கிறேன்.
உப்பு வாளியில் வரும், கூரியரில்.
பவளம் ஓஸ்த்ராவாவில் ஒரு பல் மருத்துவரிடம் வாங்கியது.
அலை கிடையாது.
ஓசை மட்டும் இருந்தது.

விளிம்பு தாண்டி விழும் நீர்
பாதி நீரும் பாதிக் காற்றுமாய்க்
கொப்பளித்துக்கொண்டே இறங்கும்,
சுவருக்குள் யாரோ விடிய விடியத்
தொண்டை கனைப்பதுபோல.
கீழ்வீட்டு ஸிக்முண்ட் முதல் டிராம் ஓட்டுகிறவர்.
மூன்று மணிக்கு எழ வேண்டும்.
விளக்குமாற்றுக் கம்பால் கூரையில் இடிப்பார்,
மரியாதையாக, ஒரே ஒரு தடவை.

மார்ச்சில் மின்சாரம் போனது.
ஏறிய நீர் வந்த வழியே திரும்பி இறங்கியது.
ஒருவழி வால்வை நம்பியிருந்தேன்;
நகமளவு நத்தை ஒன்று
அதன் நாக்கில் குடியிருந்தது.
கீழ்த்தொட்டி நிறைந்து, வழிந்து,
தரை குடித்தது போக மீதி
ஸிக்முண்டின் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது.
செருப்போடு மாடியேறி வந்தார்.
நக்கிப் பார்த்தாராம்.
"உப்பு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.
துடைப்பான் எடுத்துத் தானும் துடைத்தார்.

கறை காய்ந்தபோது போலந்து வரைபடம்போல் இருந்தது.
அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டு
"அவர்களுக்காவது ஒரு கடற்கரை இருக்கிறது, ராடிம்" என்றார்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு
முதலிலிருந்து தொடங்கினேன்.

முதல் குழாய் நீருக்குள் வாய் மூழ்கி நிற்கும்.
அதன் வால்வைக் கால் சுற்று திருகி,
பத்து நிமிடம் பொறுத்து,
இன்னும் ஒரு மயிரிழை.
காற்று வெளியேறியது.
ஓசை அதன் கூடவே போய்விட்டது.
நிறைகுடம் தளும்பாது, தெரிந்த பழமொழிதான்;
பி.வி.சி.க்கும் அதுவே சட்டம் என்று
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாவதில் மிச்சம் மட்டும்
சுவரோடு சுவராய் வழுக்கி இறங்கும்.

மூன்றாவது எல்லாவற்றிலும் உயரம்.
அதற்கு வேலை இல்லை.
ஒரு துளி பட்டதில்லை.
மற்ற இரண்டும் அடைத்துக்கொள்ளும் நாளில்
அது ஒன்றுதான் கத்தும்,
கத்தட்டும் என்றே அதை அடக்காமல் விட்டேன்.

பம்புக்கு அடியில் பஞ்சு மெத்தை.
இறுகிய குழாய்க்கு இடையே ஒரு முழம் சிலிக்கான்,
நடுக்கம் மரத்துக்கு ஏறாதபடி.
மின்கம்பி பிளக்கை விடத் தாழ்ந்து தொங்கி மேலேறும்;
வழியும் துளி அங்கேயே நின்று தரையில் விழும்.
மேலேறும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே,
மூன்று மில்லிமீட்டர்த் துளை.
ஞாயிறுதோறும் பல்குச்சியால் குத்துகிறேன்;
ஊதாப் பாசி அதை மூடப் பார்க்கிறது.
கீழ்த்தொட்டியில் கறுப்பு டேப் ஒரு கோடு.
அதற்கு மேலுள்ள வெற்றிடம்
வீடு திரும்பும் தண்ணீருக்கு.

சோதனை சனிக்கிழமை இரவு.
ஸிக்முண்ட் கீழே நாற்காலியில்,
டார்ச்சைப் போலந்தின் மேல் பிடித்தபடி.
சொட்டினால் ரேடியேட்டர் குழாயில் ஒரு தட்டு,
பத்து நிமிடம் சொட்டாவிட்டால் இரண்டு.

பிளக்கைப் பிடுங்கினேன்.
மட்டம் இறங்க இறங்கத் துளை வெளியே தெரிந்தது,
காற்றை உறிஞ்சியது,
குடித்து முடித்த டம்ளரில் ஸ்ட்ரா போடும் சத்தம்.
அவ்வளவுதான்.
கீழ்த்தொட்டி கோட்டைத் தாண்டி ஏறியது.
ஏறியது.
விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கையில் நின்றது.

தட்டுக்காகக் காத்திருந்தேன்.
ஒன்றும் இல்லை. இரண்டும் இல்லை.
இருபது நிமிடம் கழித்துப் படியிறங்கிப் போனேன்.
தாழிடாத கதவு.
நாற்காலியில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்தார்,
மடியில் கரண்டி,
டார்ச் வெளிச்சத்தில் கூரை உலர்ந்து கிடந்தது.
டார்ச்சை அணைத்துவிட்டு வந்தேன்.

இப்போதும் படுக்கும் முன்
மூன்றாவது குழாய்க்குள் விரல் விட்டுப் பார்க்கிறேன்.
தூசி ஒட்டுகிறது.

வெள்ளையடிக்க ஆள் அனுப்புகிறேன் என்றேன் அவரிடம்.
யோசித்தார்.
"அடிக்கலாம்,
வடக்குப் பக்கம் மட்டும் விட்டுவிடச் சொல்."