மணி மட்டும்

ஜெலுத்தோங் கடையில்
சைக்கிளை ஒரு விரலில் தூக்கிக் காட்டினான் பையன்.
ஏழே கிலோ. எட்டாயிரத்து எண்ணூறு வெள்ளி.
கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை,
செயினுக்கு மூடி இல்லை.
இல்லாததற்கெல்லாம் சேர்த்துத்தான் விலை போல.

ஆ ஹுவாட் கடையில்
மணி நேரத்துக்கு இருபது காசு.
சீட்டுக்கு எட்டாமல்
பாருக்கடியில் கால் நுழைத்து மிதித்தேன்
ஆயர் ஈத்தாம் சந்தை வரை.
கேரியரில் அமலோற்பவம்.
சக்கரக் கம்பியில் கிழிந்த குதிகாலை
நாய் கடித்ததென்றாள் வீட்டில்.
இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை.

"பின்னால் யார் உட்காருவது?"
பையன் சிரித்தான்.

பன்னிரண்டு வெள்ளிக்கு
மணி மட்டும் வாங்கினேன்.
பேருந்தில், சட்டைப்பையில்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது கிணுகிணுக்க
முன்னால் நின்ற சீனக் கிழவர்
திரும்பிப் பார்க்காமலே
வழிவிட்டார்.