ஆறு நிமிடம்

ஜூலையில் பதினொரு பேர்.
கார்த்திகையில் சிகப்பிக்குக் கல்யாணம்,
லீமாவுக்கு முழங்கால்,
மூன்று பேருக்கு அரியர்.
மிச்சம் ஆறு. ஆறாவது நான்,
பெஞ்சில், ஸ்கோர் நோட்டோடு.

காரைக்குடிச் செம்மண் பந்தில் ஏறி
உள்ளங்கையில் இறங்கும்.
எல்லாப் பக்கத்திலும் என் கட்டைவிரல்.
பள்ளத்தூரில் மூன்று புள்ளியில் தோல்வி.
தேவகோட்டையிலும் தோல்வி; எண் வேண்டாம்.
திருப்பத்தூரில் ஜெயித்தோம்,
திரும்பும் பஸ்ஸில்
நின்றுகொண்டே தூங்கினோம்.

கடைசி ஆட்டம்.
நாச்சம்மைக்கு ஐந்தாவது ஃபவுல்.
வெளியே வந்தவள் ஒன்றும் பேசவில்லை,
என் மடியிலிருந்த நோட்டை வாங்கிக்கொண்டு
பேனாவைத் தேடினாள்.

பேனா என் கொண்டையில்.
நான் அதற்குள் உள்ளே ஓடியிருந்தேன்.

அந்த ஆறு நிமிடம்
நோட்டில் வெள்ளையாக இருக்கிறது.
ஸ்கோர் கேட்பவர்களுக்கு
அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.