செல்லும் நாடு

பயண அனுமதிப் பிரிவு என்று பெயர்.
அனுமதி இல்லை என்று தட்டுவதுதான் வேலை.

வேதியியல் ஆய்வு மாணவன் இஸ்ஸுத்தீன்,
கார்ட்டூம் போகக் கேட்கிறான்.
காரணம்: தங்கை பிறந்திருக்கிறாள்.
அவனுக்கு வயது முப்பத்தொன்று.
இரண்டு தரம் படித்துச் சிரித்ததில்
முகக்கவச மூச்சேறி
கண்ணாடி மங்கிவிட்டது.
துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினேன்:
அவசியமற்ற பயணம்.

காலையில் வாசலில் பலூச்சிக் காவலர்
நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார்.
முப்பத்து நாலு.
பஸ்ஸில் ஏசி அப்படி.
"உயிரோடுதானே வந்திருக்கிறாய்?"
இந்தியில் கேட்டார்.

நான் ரூவியில்.
போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம்
மத்ராவில் அவர்,
விற்காத துணிக்கட்டுகளோடு.
மலையைச் சுற்றினால் நடக்கிற தூரம்.
காபி மணக்கவே இல்லை என்றார் நேற்று.
தூள் பழசாம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் ஆளில்லாத நேரம்
ஒரு படிவம் எடுத்து
'செல்லும் நாடு' என்ற இடத்தில்
மத்ரா என்று எழுதினேன்.
காரணத்துக்கு ஒரே வரிதான் விட்டிருக்கிறார்கள்.

நிமிர்ந்தால் இஸ்ஸுத்தீன்.
தரையில் ஒட்டிய மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்று
போனை உயர்த்திக் காட்டினான்.
அங்கிருந்து
வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

அழகு, என்றேன்.